சாப்பாட்டுக்கு முன் ஒரு சிறு கோப்பை: பசியைத் தூண்டுவது எது, கெடுப்பது எது?

சாப்பிட உட்காருவதற்கு அரை மணி நேரம் முன்பு கசப்பான மதுவைச் சிறு அளவில் அருந்துவது ஐரோப்பிய வழக்கம். பிரான்சில் அதற்கு அபெரிடிஃப் என்று பெயர், இத்தாலியில் அபெரிடிவோ. 1786இல் டூரின் நகரில் விற்பனைக்கு வந்த கார்பானோ வெர்மூத் (மூலிகைகள் சேர்த்த வைன்), 1860இல் நோவாராவில் உருவான கம்பாரி, 1919இல் பதுவாவில் அறிமுகமான அபெரோல் எல்லாம் இந்த வகைதான். ஜென்ஷியன் வேர், சின்கோனாப் பட்டை போன்றவை இவற்றுக்குக் கசப்பைத் தருகின்றன. நாக்கில் கசப்புப் பட்டதும் எச்சில் ஊறுகிறது, வயிறும் உணவுக்குத் தயாராகிறது.

இதைக் காட்டி, "லார்ஜ் அடித்தால் நன்றாகப் பசிக்கும் டாக்டர்" என்று சொல்பவர்கள் அதிகம். இரண்டும் ஒன்றல்ல. 16 சதவீத வெர்மூத் 60 மி.லி. குடித்தால் உடலுக்குள் போகும் ஆல்கஹால் சுமார் 7.5 கிராம். 42.8 சதவீத விஸ்கி ஒரு லார்ஜில், அதாவது அதே 60 மி.லி.யில், 20 கிராம். வைன், பீர் போன்ற புளித்த பானங்கள் இரைப்பையில் அமிலச் சுரப்பைத் தூண்டும். விஸ்கி போன்ற காய்ச்சி வடித்தவற்றுக்கு அந்தக் குணம் கிடையாது. வெறும் வயிற்றில் அவை இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாக்குவதுதான் மிச்சம்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல், நேரம். எட்டு மணிக்கு கிளாஸை எடுத்தால் சாப்பாடு பதினொன்றுக்கு. இடையில் மிக்சரும் சிப்ஸும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்கள், கிளிமிபிரைடு மாத்திரை எடுப்பவர்கள் இதைத் தயவுசெய்து கவனியுங்கள். கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிப்பதை ஆல்கஹால் தடுக்கிறது. மருந்தும் சர்க்கரையைக் குறைக்கிறது, சாப்பாடும் வரவில்லை என்றால் தாழ்சர்க்கரை மயக்கம் வரலாம். வியர்வை, தள்ளாட்டம், குழறிய பேச்சு எல்லாவற்றையும் போதை என்று நினைத்துப் பக்கத்தில் இருப்பவர்கள் தூங்க விட்டுவிடுவார்கள். அந்தத் தூக்கம் உயிருக்கே ஆபத்தாகலாம். சந்தேகம் வந்தால் குளுக்கோமீட்டரில் உடனே பாருங்கள்.

இரைப்பைப் புண், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வெர்மூத்தும் வேண்டாம். பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பசிக்காக ஒருவர் குடிக்கத் தொடங்குவதில் அர்த்தமே இல்லை. வாரக்கணக்கில் பசி இல்லை, எடையும் குறைகிறது என்றால் காரணத்தைக் கண்டுபிடிக்கப் பரிசோதனைதான் தேவை.

பசியைத் தூண்ட மது அவசியமும் இல்லை. 150 மி.லி. குளிர்ந்த நீரில் அரை எலுமிச்சைச் சாறு, அரை டீஸ்பூன் இஞ்சிச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு; இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பை விட்டுவிடலாம். சர்க்கரை சேர்த்தால் பசி மந்தமாகும், சோடாவை நிறைய ஊற்றினால் வாயுவால் வயிறு நிறைந்துவிடும். 20 நிமிடம் முன்பு மெதுவாகக் குடியுங்கள். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு எலுமிச்சை ஒத்துக்கொள்ளாது. அவர்கள் காரமில்லாத காய்கறி சூப்பை வடிகட்டி அரை கப் குடிக்கலாம்.