சிலந்தியையும் கணக்கில் சேர்க்கும் கொள்கை

செட்டிநாட்டுக் கண்மாய்ப் பாசன வயல்களில் புரட்டாசி மழையை நம்பி விதைத்த நெல், கார்த்திகை, மார்கழியில் தூர் கட்டி அடர்ந்து நிற்கும்போது, வயலின் நடுவே திடீரென வட்ட வட்டமாகத் தீய்ந்த திட்டுகள் தோன்றுவதுண்டு. அது புகையான் எனும் சிறு தத்துப்பூச்சியின் வேலை. விவசாயி காரைக்குடிக்கோ தேவகோட்டைக்கோ சென்று உரக்கடையில் கேட்டு மருந்து வாங்கி அடிக்கிறார். பூச்சி குறைந்ததுபோல் தெரிகிறது. இரண்டு மூன்று வாரத்தில் முன்னைவிட அதிகமாக வருகிறது. அவர் மீண்டும் கடைக்குப் போகிறார். இந்தச் சுழற்சியை விவசாயியின் அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் இது பூச்சியின் உயிரியலும், சந்தையும், அரசின் விலைக் கொள்கையும் ஒன்றுசேர்ந்து உருவாக்கிய சுழற்சி. ஆகவே இதைத் தனி விவசாயியால் மட்டும் அறுக்க முடியாது.

முதலில் உயிரியலைப் பார்ப்போம். புகையான் நெற்பயிரின் அடிப்பகுதியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சுகிறது. மேலிருந்து தெளிக்கும் மருந்து அடர்ந்த இலைகளைத் தாண்டி அங்கே போதிய அளவில் சேர்வதில்லை. பெண்பூச்சி தன் முட்டைகளை இலையுறையின் திசுவுக்குள்ளே செருகி வைப்பதால், அவையும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. தப்பாதவை எவை என்றால், வயலில் ஓடித்திரிந்து புகையானை வேட்டையாடும் ஓநாய்ச் சிலந்திகளும், புகையானின் முட்டைகளைத் தேடி உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சிகளும்தான். ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டைகள் பொரிக்கும்போது, குஞ்சுகளைத் தின்ன வயலில் யாரும் இல்லை. சிலந்தியின் தலைமுறை மெதுவாகவே பெருகும்; புகையானோ மூன்று, நான்கு வாரத்துக்குள் அடுத்த தலைமுறையைக் கண்டுவிடும். இது போதாதென்று, செயற்கைப் பைரித்திராய்டுகள் உள்ளிட்ட சில மருந்துகள் குறைந்த அளவில் படும்போது புகையான் இடும் முட்டைகளின் எண்ணிக்கையே கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. பூச்சியியலாளர்கள் இதை மறுஎழுச்சி என்கிறார்கள். செயற்கைப் பைரித்திராய்டுகள், மீத்தைல் பாரத்தியான், பென்தியான், குயினால்பாஸ் ஆகியவற்றைப் புகையானுக்கு அடிக்கக் கூடாது என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை சொல்வது இதனால்தான்.

இதைவிட நுட்பமான ஒரு செய்தியை 1990களில் ஜாவாவின் நெல்வயல்களில் நடந்த ஆய்வுகள் வெளிக்கொண்டுவந்தன. நடவு முடிந்த தொடக்க வாரங்களில், தீமை செய்யும் பூச்சிகள் வருவதற்கு முன்பே, வயலில் சிலந்திகள் பெருகிவிடுகின்றன. அவை அப்போது எதைத் தின்று வாழ்கின்றன? வயல்நீரில் மட்கும் தழை, தாள், சாணம் ஆகியவற்றை உண்டு வளரும் கொசுவினப் பூச்சிகள் போன்ற, பயிருக்கு நன்மையும் தீமையும் செய்யாத எண்ணற்ற சிற்றுயிர்களையே தின்கின்றன. அதாவது மண்ணில் இட்ட தழையுரம்தான், இரண்டு படிகள் கடந்து, பின்னர் வரப்போகும் புகையானுக்கு எதிரான காவற்படைக்குத் தீனி போடுகிறது. இலையில் நாலு ஓட்டை கண்டவுடன் முதல் மாதத்திலேயே அடிக்கும் மருந்து, பயிரின் விளைச்சலுக்கு எந்த உதவியும் செய்யாமல், இந்தப் படையைத்தான் முதலில் கலைக்கிறது. தூர் கட்டும் பருவத்தில் நெல் இழந்த இலையை எளிதில் ஈடுசெய்துகொள்ளும் என்பதால், அந்தத் தெளிப்புப் பெரும்பாலும் வீண்செலவே.

இது ஏன் பொதுக்கொள்கையின் விஷயமாகிறது? சிலந்திக்கும் புகையானுக்கும் வரப்பு தெரியாது. ஒரு கண்மாயின் ஆயக்கட்டில் ஒருவர் மருந்தடிக்காமல் சிலந்தியை வளர்த்தாலும், சுற்றியுள்ள வயல்களில் அடிக்கும் மருந்து அவருடைய காவலையும் குலைக்கும். அங்கே பெருகும் புகையான் சிறகு முளைத்து இவருடைய வயலுக்கும் வரும். மேலும் இப்பகுதியின் கண்மாய்கள் தனித்தனிக் குளங்கள் அல்ல. மேல்கண்மாயின் கலுங்கு வழிந்தும் அதன் வயல்களின் கழிவுநீர் வடிந்தும் கீழ்க்கண்மாய்க்குத் தண்ணீர் சேரும் சங்கிலிகள் அவை. மீன்களுக்குப் பைரித்திராய்டுகள் மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சு என்பதை, அறுவடைக்குப் பின் கண்மாயில் ஊரே கூடி மீன்பிடிக்கும் ஒரு வட்டாரம் தனியாகக் கவனிக்க வேண்டும்.

இந்தச் சுழற்சியை ஓர் அரசு முழுமையாக எதிர்கொண்ட முதல் பெரிய எடுத்துக்காட்டு இந்தோனேசியா. பசுமைப் புரட்சிக் காலத்தில் அந்நாடு பூச்சிமருந்தின் விலையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் தானே ஏற்று, விவசாயிகளுக்கு மலிவாகக் கொடுத்தது. மருந்து பெருகப் பெருகப் புகையானும் பெருகியது. 1970களில் நேர்ந்த பேரிழப்புக்குப் பிறகு எதிர்ப்புத் திறனுள்ள நெல் ரகங்கள் சில ஆண்டுகள் காத்தன. 1980களின் நடுவில் அவையும் விழுந்தன. மறுஎழுச்சியின் காரணத்தைப் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆராய்ந்த பீட்டர் கென்மோர் போன்றோரின் சான்றுகளை அரசு ஏற்றுக்கொண்டு, 1986 நவம்பரில் அதிபர் ஆணை ஒன்றின் மூலம் 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லில் பயன்படுத்தத் தடை விதித்தது. மானியம் படிப்படியாகக் குறைந்து 1989 தொடக்கத்தில் நின்றது. அதே ஆண்டில் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின: ஏறத்தாழ 25 விவசாயிகள் வாரம் ஒருமுறை வயலில் கூடி, பருவம் முழுவதும், பூச்சிகளையும் சிலந்திகளையும் எண்ணிப் பார்த்து, அடிப்பதா வேண்டாமா என்பதைத் தாங்களே முடிவுசெய்யும் பள்ளி. பூச்சிமருந்துப் பயன்பாடு பெருமளவு சரிந்தது. நெல் உற்பத்தி சரியவில்லை.

தடை, விலை, அறிவு ஆகிய மூன்றும் ஒரே திசையில், சில ஆண்டுகளுக்குள் நகர்ந்ததே அங்கே வெற்றிக்குக் காரணம் என்பது என் கணிப்பு. தடை மட்டும் இருந்திருந்தால் விவசாயிகள் அடுத்த மருந்துக்கு மாறியிருப்பார்கள். பள்ளி மட்டும் இருந்திருந்தால், கற்றதை மலிவான மருந்து தோற்கடித்திருக்கும். பின்னாளில் நடந்தது இதை மறுபக்கமாக நிரூபித்தது. பயிற்சிகள் தேய்ந்து, சந்தை தாராளமாகி, புதிய மருந்துகள் நூற்றுக்கணக்கான பெயர்களில் கடைகளில் நிரம்பியபின், 2010–11ஆம் ஆண்டுகளில் ஜாவாவில் புகையான் மீண்டும் பெருவீச்சில் வந்தது.

இலங்கை ஒரே நாட்டிலிருந்து இரண்டு பாடங்களைத் தருகிறது. மனிதருக்கு மிகக் கொடிய மருந்துகளை அந்நாடு ஒவ்வொன்றாகத் தேர்ந்து, 1980களிலிருந்து படிப்படியாகத் தடைசெய்தது: 1995இல் எஞ்சிய கடுநஞ்சு வகைகள், 1998இல் எண்டோசல்பான், 2008 முதல் 2011 வரை பாராகுவாட், டைமெத்தோயேட், பென்தியான். பூச்சிமருந்தைக் குடித்துச் சாவோர் குறைந்து, நாட்டின் தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. விளைச்சல் அதனால் வீழ்ந்ததாகத் தெரியவில்லை. அதே நாடு 2021இல் எல்லா வேதியுரங்களையும் பூச்சிமருந்துகளையும் ஒரே அடியாக நிறுத்தியபோது நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்து, அந்த ஆண்டு நவம்பரிலேயே ஆணையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. சிக்கிமும் முழு இயற்கை வேளாண்மைக்கு மாறியது. ஆனால் 2003இல் முடிவெடுத்து, மானியங்களைச் சிறுகச் சிறுகக் குறைத்து, 2016இல்தான் இயற்கை மாநிலமாக அறிவிக்கப்பட்டது.

நம் நாட்டுச் சட்டம் பிறந்த கதை வேறு. 1958இல் கேரளத்தில் பாரத்தியான் கலந்த கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததன் தொடர்ச்சியாக வந்ததுதான் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டம். எனவே அதன் கவனம் நஞ்சால் மனிதர் சாவதைத் தடுப்பதிலேயே இருக்கிறது. புட்டியின் மேலுள்ள சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்கள், ஒரு மருந்து ஆய்வக விலங்குகளை எந்த அளவில் கொல்லும் என்பதை வைத்துத் தரப்படுபவை. வாய்வழியாக உட்கொண்டால் உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரையிலேயே பாதி விலங்குகளைக் கொல்வது சிவப்பு. 5000 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்படுவது பச்சை. இந்த நிறம் சிலந்தியைப் பற்றியோ மீனைப் பற்றியோ ஒன்றும் சொல்வதில்லை. மனிதருக்கு ஓரளவு பாதுகாப்பானது என்று நீல முக்கோணம் பெற்ற மருந்து, வயலின் காவலர்களை ஒரே தெளிப்பில் துடைத்தெடுக்கலாம். என் கருத்தில், சட்டத்தின் அறிவியல் குறை இதுதான்.

நிர்வாகக் குறையும் உண்டு. வேளாண்மை மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்ட துறை. ஆனால் மருந்தைப் பதிவுசெய்வதும் பதிவை நீக்குவதும் மத்திய அரசின் கையில் உள்ளன. சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி ஒரு மாநிலம் ஆபத்தான மருந்தின் விற்பனையை 60 நாள்களுக்கு நிறுத்திவைக்கலாம். விசாரணை முடியாவிட்டால் மேலும் 30 நாள்கள். தமிழ்நாடும் மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு இந்த 60 நாள் தடையைப் பயன்படுத்தியது. 2013இல் பீகாரில் பள்ளி மதிய உணவில் கலந்து 23 குழந்தைகளைக் கொன்ற மோனோகுரோட்டோபாஸின் 36 விழுக்காட்டுக் கரைசல், நாடு முழுவதும் தடைப்பட 2023 ஆயிற்று. பழைய சட்டத்தை மாற்ற 2008இலும் 2020இலும் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதாக்கள் இரண்டும் சட்டமாகவில்லை.

விலைக்கு வருவோம். டென்மார்க் 2013இல் தன் பூச்சிமருந்து வரியை மாற்றி, மனித உடலுக்கும் சுற்றுச்சூழலுக்கும் கூடுதல் சுமை தரும் மருந்துக்குக் கூடுதல் வரி என்று அமைத்தது. இந்தியாவில் 2025 செப்டம்பரில் சில உயிரிப் பூச்சிக்கொல்லிகளின் சரக்கு, சேவை வரி 12இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது நல்லதே. ஆனால் இங்கே பூச்சியை வளர்க்கும் பெரிய மானியம் பூச்சிமருந்துக்குத் தரப்படுவதே அல்ல. அது யூரியாவுக்குத் தரப்படுவது. 45 கிலோ மூட்டை 242 ரூபாய், வரியும் வேப்பம்பூச்சுக் கட்டணமும் தனி என்ற விலையில் கிடைக்கும் யூரியாவை அள்ளிப்போட்டால், பயிரின் சாற்றில் தழைச்சத்து மிகுந்து, புகையான் அதிக முட்டையிட்டு வேகமாக வளர்கிறது. பயிரும் அடர்ந்து, அடியில் அதற்கேற்ற ஈரநிழலைத் தருகிறது. உரக்கொள்கையைத் தொடாத பூச்சிமருந்துக் கொள்கை அரைகுறையாகவே இருக்கும். மாநில அரசின் ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாளுரத்துக்கு இடம் தந்திருப்பதை, மண்வளத்துக்கு மட்டுமின்றி, மேலே சொன்ன சிலந்தித் தீனிக்குமான முதலீடாகவும் நான் பார்க்கிறேன்.

எஞ்சியது ஆலோசனை. ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையே பயிர்ப் பாதுகாப்பின் அடிப்படை என்று மத்திய அரசு 1985லேயே அறிவித்துவிட்டது. நடைமுறையிலோ, விவசாயி எந்த மருந்தை எவ்வளவு அடிக்க வேண்டும் என்பதை அதை விற்பவரே பெரும்பாலும் சொல்கிறார். ஐதராபாத்திலுள்ள மேனேஜ் எனும் தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் 2003 முதல் இடுபொருள் விற்பனையாளர்களுக்கு ஓராண்டுப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. படித்த விற்பனையாளர் படிக்காதவரைவிட மேல்தான், ஆனால் ‘இப்போது எதுவும் அடிக்க வேண்டாம்’ என்று சொல்வதால் அவருக்கு வருமானம் இல்லை. கனடாவின் கியூபெக் மாகாணம் 2018 முதல் சில மருந்துகளுக்கு, வேளாண் வல்லுநரின் பரிந்துரைச் சீட்டைக் கட்டாயமாக்கி, ஆலோசனையையும் விற்பனையையும் பிரிக்க முயன்றது.

செட்டிநாட்டில் இதற்கான நிறுவனங்கள் இல்லாமல் இல்லை. குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் உள்ளது. செட்டிநாடு எனும் ஊரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வறட்சிநில ஆராய்ச்சி நிலையமும் வேளாண் கல்லூரியும் உள்ளன. இயற்கையும் ஒரு சலுகை தந்திருக்கிறது: ஒரே போகம் விளையும் இந்த மண்ணில் கோடை முழுதும் நெல் இல்லாததால், நெல்லை மட்டுமே நம்பி வாழும் புகையான் இங்கேயே தொடர்ந்து பெருக வழியில்லை, அது ஒவ்வொரு பருவமும் வெளியிலிருந்து காற்றில் வந்தாக வேண்டும். புகையானைக் குறைக்க நடவு வயலுக்குச் சொல்லப்படும், 2.5 மீட்டருக்கு ஒருமுறை 30 செ.மீ. இடைவெளி விடும் பட்டம் முறை கை விதைப்பு வயலில் எடுபடாது என்பது உண்மை. வரிசை விதைப்புக் கருவி பரவினால் அந்தத் தடையும் நீங்கும்.

பூச்சி எவ்வளவு பெருகினால் மருந்தடிக்கலாம் என்று சொல்லும், பல்கலைக்கழகத்தின் பொருளாதாரச் சேத நிலைக் கணக்கில் ஓர் அழகு உண்டு. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் கண்டால் மருந்தை யோசிக்கலாம். பல தூர்கள் சேர்ந்த ஒரு குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். ஒரு சிலந்தியின் மதிப்பை அரசு நிறுவனமே எண்ணால் எழுதிவைத்திருக்கிறது. வயலில் எண்ணிய புகையான், சிலந்தி ஆகிய இரண்டின் எண்ணிக்கையையும் விற்பனைச் சீட்டில் குறிக்காமல் புகையான் மருந்து தரக்கூடாது என்று ஒரு விதி செய்தால், எண்ணும் வேலையை வேளாண் அலுவலர் வரும்வரை காத்திருக்காமல் ஆயக்கட்டின் நீர்ப்பாசனச் சங்கமே செய்துவிட முடியும். பயிற்சிக்கு ஒரு பருவம் போதும். எண்ணுபவருக்குக் கொடுக்கும் கூலி, வீணாக அடிக்கும் ஒரு தெளிப்பின் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.