புயலடித்த வாரத்தின் பேங்க் ஸ்டேட்மென்ட்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. ஒரு மாதம் கழித்து, பேராவூரணிப் பக்கத்து இளைஞர் ஒருவர் தஞ்சாவூரில் என் ஆபீசுக்கு வந்தார். கையில் பேங்க் ஸ்டேட்மென்ட். "சார், புயல் நிவாரணத்துக்கு என் அக்கவுண்டுலயே வசூல் பண்ணிட்டேன். நாலு லட்சத்தைத் தாண்டிடுச்சு. ஏதும் பிரச்சினை வருமா?"

ஆடிட்டராக எத்தனையோ ஸ்டேட்மென்ட் பார்த்திருக்கிறேன். இது வேறு மாதிரி இருந்தது. 101, 501, 1,001 என்று வரிவரியாக வரவு. கல்யாண வீட்டில் மொய் எழுதும்போது சேர்க்கிற அந்த ஒரு ரூபாய், செல்போன் வழியாக அனுப்பிய பணத்திலும் விடாமல் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. இரவு ஒன்றரை மணிக்கெல்லாம் பணம் போட்டிருக்கிறார்கள்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது இது நடந்திருக்காது. அப்போது யுபிஐ கிடையாது. ஒரு பேங்க் கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் அனுப்பப் பெரும்பாலானவர்கள் நம்பியிருந்த என்.இ.எஃப்.டி. அப்போது பேங்க் நேரத்தில் மட்டும்தான் ஓடும். கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. எல்லாம் எழுதிவைத்து, மறுநாள் அனுப்பலாம் என்று தூங்கப் போனால் மறுநாள் வேறு வேலை வந்துவிடும். கொடுக்க வேண்டும் என்று தோன்றுகிற நேரத்துக்கும் கொடுத்து முடிக்கிற நேரத்துக்கும் இடைவெளி எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு பேர் கொடுப்பார்கள். 2010 ஹைட்டி பூகம்பத்தில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் 10 டாலர் என்று வைத்து, 3 கோடி டாலருக்கு மேல் திரட்டியதும் இதனால்தான்.

டெல்டாவில் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. சாய்ந்து கிடந்த தென்னந்தோப்புகளை ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் சென்னையிலும் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருந்த நம் பிள்ளைகள். ஆனால் அந்தத் தம்பியின் ஸ்டேட்மென்ட்டில் நான் கவனித்தது இன்னொன்று. இப்படி வரும் பணம் பொதுவாக முதல் வாரத்தில் குவிந்து, அப்புறம் சடாரென்று நின்றுவிடும். இவருக்கு நிற்கவில்லை.

காரணம் அவருடைய போனில் இருந்தது. தினமும் ராத்திரி கடை பில்லைப் படமெடுத்து குரூப்பில் போட்டிருக்கிறார். தார்ப்பாய், கொசுவர்த்தி, மெழுகுவர்த்தி, நாப்கின், லாரி வாடகை, மீதி இருப்பு எல்லாம் அதில் இருந்தன. பில் போட்ட மறுநாள் காலையில் வரவு கூடியிருக்கிறது. அழுகிற குழந்தையின் படத்தைப் பார்த்துக் கொடுப்பவர் ஒருமுறை கொடுப்பார். தன் ரூபாய் தார்ப்பாயாக மாறியதைப் பார்த்தவர் மறுபடியும் கொடுப்பார், பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்வார். என் அனுபவத்தில் இதைவிடப் பலமான விளம்பரம் இல்லை.

சரி, அவர் கேள்விக்கு வருகிறேன். சொந்தக் கணக்கில் வசூல் செய்வது ஆபத்து. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால், முழுத் தொகையையும் உங்கள் வருமானமாகவே வருமான வரிச் சட்டம் பார்க்கும். பணம் பிறருக்காக வாங்கியது என்று காட்ட அந்தத் தம்பியிடம் ஒவ்வொரு பில்லும் இருந்தது. எல்லோரிடமும் இருக்காது. நல்ல மனசுள்ள பிள்ளைகள் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. ஊரில் பதிவு பெற்ற அறக்கட்டளை ஒன்று இருந்தால் அதன் கணக்கிலேயே வாங்குங்கள்.

வெளிநாட்டு உறவினர்களுக்கு அறக்கட்டளையின் க்யூஆர் கோடை அனுப்பும் முன்பும் ஒரு நிமிடம் யோசியுங்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தாராளமாகத் தரலாம். கனடாவில் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா, வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. அனுமதி இல்லாத அறக்கட்டளைக்கு அனுப்பினால் அறக்கட்டளைதான் மாட்டிக்கொள்ளும். அனுமதி இருந்தாலும் அந்தப் பணம் எஸ்.பி.ஐ.யின் டெல்லி பிரதான கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும்.

கொடுப்பவர்கள் பார்க்க வேண்டியது, பின் நம்பர் போடுவதற்கு முன் திரையில் வரும் பெயர். 2024 ஜூலை 30-இல் வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு, முதல்வர் நிவாரண நிதிக்கான க்யூஆர் கோடை யாராவது தவறாகப் பயன்படுத்திவிடக்கூடும் என்று கேரள அரசே அதை விலக்கிக்கொண்டது. போஸ்டரில் முதல்வர் படம் இருந்து, திரையில் யாரோ ஒருவர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் போய்விட்டது என்றால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். பணத்தைக் கையில் கொடுப்பதானால், 2,000 ரூபாய்க்கு மேல் வரிச்சலுகை கிடையாது.

ஃபார்வர்டு செய்கிறவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தேதி இல்லாத செய்தியை அனுப்பாதீர்கள். "500 சாப்பாட்டுப் பொட்டலம் அவசரம்" என்ற செய்தி நான்கு நாள் கழித்தும் சுற்றிக்கொண்டிருக்கும். மெயின் ரோட்டு ஊரில் பொட்டலம் ஊசிப்போகும். வேதாரண்யத்தில் உப்பளத்தை ஒட்டிய தெருவுக்கு ஒன்றும் போய்ச் சேராது.

அந்தத் தம்பி டிசம்பரில் குரூப்பில் போட்ட ஒரு செய்தியையும் காட்டினார். "தார்ப்பாய் போதும், அரிசி போதும். இனிமே தென்னங்கன்னுக்கு மட்டும் அனுப்புங்க." அன்று சாயங்காலமே 101, 501 என்று வரவு மறுபடி கூடியிருக்கிறது. ஒன்றில் குறிப்பு எழுதும் இடத்தில் யாரோ "ரெண்டு கன்னு" என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.