மாத்திரை வயிற்றிலேயே நின்றுவிட்டால்

பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகும் என் சித்திக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. விடிகாலையில் வெறும் வயிற்றோடு வல்லம் ஏறினால், நாலைந்து மணி நேரம் முங்கி முங்கி எழ வேண்டும். பட்டினி, வெயில், தண்ணீரில் பட்டுக் கண்ணில் அடிக்கும் வெளிச்சம் என்று தலைவலியைக் கிளப்பிவிடக்கூடிய மூன்று காரணங்கள் அங்கேயே காத்திருக்கின்றன. பொட்டில் தெறிக்க ஆரம்பித்ததும், "கரையேறினா சரியாயிரும்" என்று பொறுத்துக்கொள்வார். கரைக்கு வந்து கருவாட்டு வாடை பட்டால் குமட்டும். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திப் படுத்த பிறகுதான் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் போடுவார். சாயங்காலம், "இந்த மாத்திரை எனக்குக் கேக்கலப்பா" என்பார்.

மாத்திரை கேட்காமல் போனது அது போடப்பட்ட நேரத்தால்.

மூளைத் திசுவுக்கு வலி உணர்வு கிடையாது. வலிப்பது அதைப் போர்த்தியிருக்கும் சவ்வும் அதில் ஓடும் ரத்தக் குழாய்களும்தான். அங்கே வந்து முடிகிற முக்கிளை நரம்பின் நுனிகள் சிஜிஆர்பி என்ற சிறு புரதத்தைக் கசியவிடுகின்றன. குழாய்கள் விரிகின்றன, நரம்பு மேலும் உசுப்பேறுகிறது, வலிச் செய்தி மூளைத்தண்டுக்குப் போகிறது. இது முதல் கட்டம். நேரம் ஆக ஆக மூளைத்தண்டின் நரம்பணுக்களும் உசுப்பேறி, நுனியிலிருந்து செய்தி வராவிட்டாலும் ஓயாத நிலைக்குப் போய்விடும். அப்போது தலை சீவினால்கூட வலிக்கும். முங்கும்போது போடுகிற கண்ணாடியின் வார் பட்டாலே சித்தி துடித்துப்போவார்.

1991-ல் விற்பனைக்கு வந்த சுமாட்ரிப்டான் என்ற ஒற்றைத் தலைவலி மருந்து முதல் கட்டத்தில்தான் நன்றாக வேலை செய்யும். செரட்டோனின் போய் உட்காரும் சில ஏற்பிகளில் இதுவும் போய் உட்கார்ந்து, விரிந்த குழாயைச் சுருக்கும், சிஜிஆர்பி கசிவதையும் அடக்கும். மூளைத்தண்டு உசுப்பேறிய பிறகு போட்டால் இதன் பிடி தளர்ந்துவிடும்.

வயிற்றிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒற்றைத் தலைவலி வரும்போது இரைப்பை மந்தமாகிவிடும். மாத்திரை பெரும்பாலும் சிறுகுடலுக்குப் போனால்தான் ரத்தத்தில் சேரும். இரைப்பையிலேயே கிடந்தால், விழுங்கியும் பயனில்லை. அதனால்தான் சிலருக்கு டாம்பெரிடோனோ மெட்டோக்ளோப்ரமைடோ சேர்த்து எழுதுகிறார்கள். அவை குமட்டலை அடக்கும், இரைப்பையையும் நகர வைக்கும். வாந்தி நிற்காதவர்களுக்கு மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயும் ஊசியும் உண்டு.

லேசான வலிக்கு இபுபுரோஃபென், நாப்ரோக்சென் போன்றவையே போதும். அவை கேட்காதபோதுதான் சுமாட்ரிப்டான் போன்ற ட்ரிப்டான் வகை. ட்ரிப்டானோடு நாப்ரோக்சென் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. சுமாட்ரிப்டான் போட்டு வலி குறைந்து திரும்ப வந்தால், 2 மணி நேரம் கழித்து இன்னொன்று போடலாம். பெரியவர்களுக்கு ஒரு நாளில் மாத்திரையாக 200 மில்லிகிராம்தான் உச்சம். முதல் மாத்திரை கொஞ்சமும் கேட்கவில்லை என்றால், அதே வலிக்கு இரண்டாவது வேண்டாம்.

குழாயைச் சுருக்கும் மருந்து என்பதால் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களும், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களும் இதைத் தொடக்கூடாது. எங்கள் பக்கம் கடையில் "தலைவலிக்கு ஒரு செட்டு குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போடும் பழக்கம் இருக்கிறதே, அதுதான் எனக்குப் பயம். அந்தப் பொட்டலத்தில் எர்கோட்டமின் என்ற பழைய ஒற்றைத் தலைவலி மருந்து இருந்தால், அதுவும் குழாயைச் சுருக்குவதுதான். ட்ரிப்டானையும் எர்கோட்டமினையும் 24 மணி நேரத்துக்குள் சேர்த்துப் போடவே கூடாது. பொட்டலத்தில் பெயர் இருக்காது, போடுகிறவருக்குத் தெரியவும் தெரியாது. ரிமிஜிபேன்ட் போன்ற புதிய மருந்துகள் குழாயைச் சுருக்காமல் சிஜிஆர்பியின் வேலையை மட்டும் தடுக்கின்றன. அமெரிக்காவில் ரிமிஜிபேன்ட்டுக்கு 2020-ல் அனுமதி கிடைத்தது.

திடீரென்று இடி விழுந்த மாதிரி வருகிற வலி, கை கால் விழுந்துபோவது, பேச்சு குழறுவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது இதெல்லாம் வேறு விஷயம். மாத்திரையைத் தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சரி, சீக்கிரம் போட வேண்டும் என்பதற்காக அடிக்கடி போடலாமா? கூடாது. ட்ரிப்டானோ எர்கோட்டமினோ மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, சாதாரண வலி மாத்திரை 15 நாளோ அதற்கு மேலோ என்று 3 மாதத்துக்கு மேல் ஓடினால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரத் தொடங்கும். அந்த அளவுக்குத் தேவைப்படுகிறவர்களுக்கு வலி வராமல் தடுக்கும் ப்ரோப்ரனலால், அமிட்ரிப்டிலின் போன்றவற்றை டாக்டர்கள் தினமும் போடச் சொல்வார்கள்.

சித்தி இப்போது இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுத்தான் வல்லம் ஏறுகிறார். மாத்திரையைப் பாலித்தீன் பையில் இறுக்கி முடிந்து, சோற்று வாளியோடு கொண்டுபோகிறார். போட்ட நாளை மாதக் காலண்டரில் பேனாவால் சுழிக்கிறார். இந்த மாதம் இதுவரை மூன்று சுழி.