கோப்புக்கு எதற்கு ‘நீட்டிப்பு’?

“பதிவிறக்கிய கோப்பின் நீட்டிப்பைச் சரிபார்த்த பின்னரே திறக்கவும்.” இணையப் பாதுகாப்பு பற்றித் தமிழில் வரும் அறிவுரைகளில் இந்த வாக்கியம் ஏதோ ஒரு வடிவில் வந்துவிடுகிறது. கோப்பின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் நின்று, அது என்ன வகைக் கோப்பு என்று சொல்லும் சில எழுத்துகளைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். படிக்கிறவர் என்ன செய்வார்? தமிழில் நீட்டிப்பு என்றால் கால நீட்டிப்பு, பதவி நீட்டிப்பு, ஊரடங்கு நீட்டிப்பு. கோப்பில் எதை, எதுவரை நீட்டினார்கள்? கொஞ்சம் கணினி பழகியவர் என்றால் இன்னும் மோசம். பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் குட்டி நிரல்களுக்கும் இதே பெயரைத்தான் வைத்திருக்கிறோம். அவர் குரோமைத் திறந்து அங்குள்ள நீட்டிப்புகளைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று கோப்பைத் திறந்துவிடுவார்.

ஆங்கிலத்தில் ‘எக்ஸ்டென்ஷன்’ என்று பெயர் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. 1981இல் வந்த எம்எஸ்-டாஸ் இயங்குதளம், அதற்கு முந்தைய சிபி/எம் என்ற இயங்குதளத்தைப் பின்பற்றி, பெயருக்கு 8 எழுத்து, வகைக்கு 3 எழுத்து என்று தனித்தனிக் கட்டங்கள் வைத்தது. இடையில் நாம் பார்க்கும் புள்ளியை வட்டில் சேமிக்கக்கூட இல்லை. பெயருக்கு அப்பால் கூடுதலாகக் கொடுத்த இடம் என்பதால் எக்ஸ்டென்ஷன். விண்டோஸ் 95 நீளமான பெயர்களை அனுமதித்ததும் அந்தக் கட்டமெல்லாம் போய், கடைசிப் புள்ளியும் அதற்குப் பின் வருவதும் பெயரின் பகுதியாகவே ஆகிவிட்டன. யூனிக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தைப் பயன்படுத்தியவர்கள் தொடக்கத்திலிருந்தே ‘சஃபிக்ஸ்’ என்றும் சொல்லிவந்தார்கள். அதற்குத் தமிழில் பின்னொட்டு என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. நாம் ஏன் செத்துப்போன கட்டத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம்?

‘நீட்சி’ என்று சொல்பவர்கள் உண்டு. நீட்டிப்பைவிடக் காதுக்கு இதம், அவ்வளவுதான், குழப்பம் அதேதான். தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ‘விகுதி’யைப் பரிந்துரைப்பார்கள். இது எனக்கும் சபலம் தந்த சொல். நடந்தான் என்பதில் கடைசியில் நிற்கும் ‘ஆன்’தானே ஆண்பால் என்று சொல்கிறது? கோப்பிலும் கடைசியில் நிற்பதுதான் வகையைச் சொல்கிறது. ஆனால் விகுதியை மாற்றினால் பொருளே மாறும்: நடந்தான், நடந்தாள். கோப்பில் அப்படி இல்லை. வீடியோக் கோப்பின் பெயரில் எம்பி4 என்பதை அழித்துவிட்டு, படத்துக்கான ஜேபிஜி என்று எழுதுங்கள். உள்ளே இருக்கும் வீடியோ ஒரு பைட்கூட மாறாது. யார் வேண்டுமானாலும் ஒட்டலாம், பிய்க்கலாம். அந்த ‘ஒட்டு’ பின்னொட்டில் இருக்கிறது, விகுதியில் இல்லை. ‘பின்’ என்பதும் சும்மா வரவில்லை: எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லியே விடுகிறது.

இது வெறும் சொல் சண்டை இல்லை. 2000ஆம் ஆண்டு மே மாதம் மின்னஞ்சல் வழியே உலகம் முழுக்கப் பரவிய ‘ஐ லவ் யூ’ என்ற கணினிப் புழுவின் (தானாகப் பரவும் தீய நிரல்) இணைப்புக் கோப்பு ‘லவ்-லெட்டர்-ஃபார்-யூ.டிஎக்ஸ்டி.விபிஎஸ்’. தெரிந்த வகைகளின் பின்னொட்டை விண்டோஸ் தானாகவே மறைத்துவிடும் என்பதால் பலருக்குக் கடைசித் துண்டு, அதாவது ஓடுகிற நிரல் என்று சொல்லும் விபிஎஸ், தெரியவில்லை. டிஎக்ஸ்டி என்று நின்றதைக் கண்டு சாதாரண உரைக் கோப்பு என்று திறந்தார்கள். அது கணினியில் இருந்த படங்களை அழித்து, அவற்றின் பெயருக்குப் பின்னாலும் விபிஎஸ் என்று ஒட்டிவைத்தது.

வீடியோக் கோப்புகளின் பெயரில் இந்த வித்தை இன்னும் எளிது, ஏனென்றால் அதில் புள்ளிகளுக்குப் பஞ்சமே இல்லை. ‘திருவிழா.2019.1080பி.வெப்-டிஎல்.எக்ஸ்264.எம்கேவி’ என்று ஒன்று வருகிறது. 2019 ஆண்டு. 1080 என்பது படத்தின் உயரத்தில் உள்ள வரிகள். அதன் ‘பி’யைப் ‘பிக்சல்’ என்று எழுதுகிற மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு கும்பிடு. அது புரோகிரசிவ், அதாவது எல்லா வரிகளையும் ஒரே வீச்சில் காட்டுவது. வெப்-டிஎல் என்றால் ஸ்ட்ரீமிங் தளம் தந்ததை அப்படியே இறக்கியது. வெப்ரிப் என்றால் மறுபடி சுருக்கியது. எக்ஸ்264 சுருக்கிய மென்பொருள். இவ்வளவும் வெறும் பேச்சு. பெயர் வைத்தவர் இஷ்டத்துக்கு எழுதியது, கணினி இதில் எதையும் படிப்பதில்லை. அது மதிப்பது கடைசிப் புள்ளிக்குப் பின் உள்ள, வீடியோ என்று சொல்லும் எம்கேவியை மட்டும். அந்த இடத்தில் இஎக்ஸ்இ, எஸ்சிஆர், விபிஎஸ் என்று எது இருந்தாலும் அது படம் இல்லை, ஓடுகிற நிரல். போனில் இதற்கு ஈடு ஏபிகே, ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு: கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வருவது ஏபிகே என்று முடிந்தால் மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை.

விண்டோஸ் 11இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’, அதற்குள் ‘ஷோ’, அதில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’. இதை இயக்கிவிட்டால் பின்னொட்டுகள் கண்ணில் படும்.

அப்போதும் இரண்டு ஓட்டைகள் உண்டு. வேறொரு கோப்பையோ நிரலையோ திறக்கும் ஷார்ட்கட்டுகளின் எல்என்கே பின்னொட்டை, இந்த அமைப்பை மாற்றினாலும் விண்டோஸ் காட்டாது. இன்னொன்று, அரபு, எபிரேயம் போன்ற மொழிகளுக்காக யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்குமான கணினிக் குறியீட்டு முறை) உள்ள, கண்ணுக்குத் தெரியாத திசைமாற்றுக் குறி. பெயருக்கு நடுவில் அதைப் போட்டால், அதற்குப் பின் வருவதெல்லாம் வலமிருந்து இடமாகத் தெரியும். உண்மையில் ‘4பிஎம்.இஎக்ஸ்இ’ என்று முடிவது, ஆங்கில எழுத்துகளில் புரண்டு, எம்பி4 என்று முடிவதாகக் காட்சி தரும். இஎக்ஸ்இ ஆங்கிலத்தில் நம் விகடகவி மாதிரி, எப்படித் திருப்பினாலும் அதேதான். அதனால் அது பெயரின் நடுவில் அப்படியே நிற்கும், ஆனால் கடைசியை மட்டும் பார்ப்பவருக்குச் சந்தேகம் வராது. இந்த இரண்டுக்கும் பெயரை விட்டுவிட்டு, ‘டீடெயில்ஸ்’ காட்சியில் ‘டைப்’ என்ற பத்தியைப் பாருங்கள். வீடியோ என்று வந்த கோப்புக்கு அங்கே ‘அப்ளிகேஷன்’ என்றோ ‘ஷார்ட்கட்’ என்றோ இருந்தால், பெயரில் என்ன எழுதியிருந்தாலும் அழித்துவிடலாம்.