கேமராவை மாற்றும் முன் பழைய லென்ஸ்களை எடுத்துப் பாருங்கள்

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் திருமணப் படப்பிடிப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள் பலர், உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆரை விட்டு அது இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிவிட்டார்கள். மாறாதவர்களும் அடுத்த முகூர்த்தப் பருவத்துக்குள் மாறிவிடலாம் என்ற கணக்கில் இருக்கிறார்கள். லென்ஸ் பழுதுபார்ப்பதைத் தொழிலாகச் செய்துவரும் என்னிடம் அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: அடாப்டர் போட்டால் பழைய லென்ஸ் வேலை செய்யுமா? இதற்குப் பதில் சொல்வது எளிது. அந்த லென்ஸின் கண்ணாடி இப்போது எந்த நிலையில் இருக்கிறது, புதிய கேமரா வந்த பிறகு அது வேலைக்குப் போகுமா, பீரோவில் கிடக்குமா என்பவற்றுக்கு ஆளாளுக்குப் பதில் மாறும். கடலோரத்தில் தொழில் செய்கிறவர்கள் இவ்விரண்டையும் பார்த்த பிறகே விற்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்ய வேண்டும்.

முதலில் அடாப்டர் விஷயத்தை முடித்துவிடலாம். டிஎஸ்எல்ஆரில் பிரதிபலிப்புக் கண்ணாடிக்கு இடம் விடவேண்டியிருந்ததால் லென்ஸ் மாட்டும் வளையமான மவுண்டுக்கும் படம் பதியும் சென்சாருக்கும் இடையிலான தூரம் அதிகம். 1987-இல் வந்த கேனானின் இஎஃப் மவுண்டில் 44 மி.மீ., நிக்கானின் எஃப் மவுண்டில் 46.5 மி.மீ. மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி இல்லாததால் கேனான் ஆர்எஃப் மவுண்டில் 20 மி.மீ., நிக்கான் இசட் மவுண்டில் 16 மி.மீ., சோனி இ மவுண்டில் 18 மி.மீ. எனத் தூரம் குறைந்துவிட்டது. குறைந்த தூரத்தை ஒரு வெற்றுக் குழாயால் நிரப்பி மின் இணைப்பைக் கடத்திவிடுவதே அடாப்டரின் வேலை. ஆகவே பழைய லென்ஸைப் புதிய பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமராவில்) மாட்டலாம். புதிய லென்ஸைப் பழைய பாடியில் மாட்ட வழியில்லை. பழைய டிஎஸ்எல்ஆரை இரண்டாவது பாடியாக வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். முகூர்த்த நேரத்தில் புதிய பாடி நின்றுபோனால், பழைய பாடியில் மாட்டுவதற்குக் கையில் பழைய லென்ஸ் ஒன்றாவது இருந்தாக வேண்டும்.

அதே நிறுவனத்துக்குள் மாறுகிறவர்களுக்குச் சிக்கல் குறைவு. கேனான் இஎஃப் லென்ஸ்கள் அந்நிறுவனத்தின் சொந்த அடாப்டரில் ஆட்டோஃபோகஸ் குறையாமல் இயங்குகின்றன. 1992-இல் வெளிவந்த 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைக் கேனானின் மிரர்லெஸ் பாடியான ஆர்6-இல் மாட்டினால், கண்ணைப் பின்தொடரும் வசதியும் பாடிக்குள் இருக்கும் நடுக்கம் தடுக்கும் வசதியும் அதற்குக் கிடைத்துவிடுகின்றன. நிக்கானில் நிலைமை வேறு. அந்நிறுவனத்தின் எஃப்டிஇசட் அடாப்டருக்குள் மோட்டார் கிடையாது. ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி வகை லென்ஸ்கள் அதில் தாமாக ஃபோகஸ் செய்யும், பாடியின் மோட்டாரை நம்பியிருந்த டி வகை லென்ஸ்கள் செய்யாது. நம்மவர்கள் பலரின் பையில் இருக்கும் 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸ் இந்த இரண்டாவது வகை. திருவந்திபுரம் கோயிலில் ஒரு முகூர்த்த நாளில் அடுத்தடுத்துத் திருமணங்கள் நடக்கும் நெரிசலுக்குள் நின்று, தாலி கட்டும் சில விநாடிகளில் கையால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிப் படம் எடுப்பதைத் தொழிலாகச் செய்பவர் யாரும் துணியமாட்டார். அந்த லென்ஸை விற்றுவிடலாம். கேனான் லென்ஸோடு சோனி பாடிக்குப் போகிறவர்களுக்கு மூன்றாம் நிறுவனங்களின் அடாப்டர்கள் இருக்கின்றன. புகைப்படத்துக்கு ஓரளவு நம்பலாம், வீடியோவில் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைவது பாடிக்குப் பாடி, லென்ஸுக்கு லென்ஸ் மாறும் என்பதால் கையிலிருக்கும் லென்ஸையே எடுத்துப்போய் மாட்டிப் பார்ப்பதுதான் வழி.

கிராப் சென்சார் எனப்படும் சிறிய சென்சாருக்காகச் செய்யப்பட்ட லென்ஸ்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய சென்சார் கொண்ட 20 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவில் அந்த வகையைச் சேர்ந்த கேனானின் இஎஃப்-எஸ் லென்ஸை மாட்டினால் சென்சாரின் நடுப்பகுதி மட்டும் பயன்பட்டு 8 மெகாபிக்சலுக்கும் குறைவான படமே கிடைக்கும். ஆல்பத்தில் இரண்டு பக்கம் விரியும் படத்துக்கு அது போதாது.

இதற்கு நேர்மாறாக, தவறாகப் பழி சுமந்து விலைபோகும் லென்ஸ்களும் உண்டு. பண்ருட்டியிலிருந்து வரும் ஓர் இளைஞர், "அண்ணே, இது எப்பவும் பின்னாடியேதான் ஃபோகஸ் போவுது, வந்த விலைக்குத் தள்ளிடலாமா?" என்று ஒரு லென்ஸை நீட்டினார். டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்ப்பது ஒரு தனிச் சென்சார், படம் பதிவது வேறொரு சென்சார். இரண்டுக்கும் இடையே நூலிழை வித்தியாசம் வந்தாலும் மணமகளின் கண்ணுக்குப் பதிலாகக் காது தெளிவாக விழும். மிரர்லெஸ்ஸில் படம் பதியும் சென்சாரிலேயே ஃபோகஸும் பார்க்கப்படுவதால் இந்தக் கோளாறு பெரும்பாலும் எழுவதில்லை. அந்த லென்ஸை அடாப்டரோடு மாட்டிக் காட்டியபோது கண் இமை முடிகள் தனித்தனியாகத் தெரிந்தன. அவர் விற்கவில்லை.

இனி லென்ஸின் கண்ணாடிக்கு வருவோம். இருட்டறையில் லென்ஸின் இரு மூடிகளையும் கழற்றிவிட்டு, பின்பக்கத்திலிருந்து சிறிய எல்இடி டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். கேனான் இஎஃப் லென்ஸில் வெளிச்சம் புகும் துளையான அப்பர்ச்சர் தானாகவே திறந்திருக்கும். நிக்கான் ஜி லென்ஸில் பின்னால் உள்ள சிறு நெம்புகோலை விரலால் தள்ளித் திறக்க வேண்டும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் தூசி, கவலை வேண்டாம். கிளை பிரிந்த மெல்லிய இழைகள் சிலந்தி வலைபோல ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை, நம் மொழியில் ஃபங்கஸ். ஆரம்ப நிலையில் பிரித்துத் துடைத்துவிடலாம். நாளானால் அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும். ஒட்டப்பட்ட இரு கண்ணாடிகளுக்கு நடுவே புகுந்திருந்தால் என்னைப் போன்றவர்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. அத்தகைய லென்ஸில் மண்டபத்து எல்இடி விளக்குகள் எதிரே அடிக்கும்போது படம் முழுவதும் வெளுத்துப்போகும். அதற்காக அடாப்டர் வாங்குவது வீண் செலவு.

இந்தக் கடற்கரையில் பூஞ்சைக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது. அதன் வித்துகள் காற்றில் எங்கும் உண்டு; ஈரப்பதம் 60, 70 சதவீதத்தைத் தாண்டி நிலைத்தால் அவை முளைக்கும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இங்கே அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு வந்த வாரங்களில், வீட்டுக்குள் தண்ணீர் புகாதவர்கள் கொண்டுவந்த லென்ஸ்களிலும் இழைகள் படர்ந்திருந்ததைப் பார்த்தேன். பெரும்பாலும் அவை பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டுத் துணிப்பையில் மூடிவைக்கப்பட்டவை. வாரந்தோறும் வெளிச்சமும் காற்றும் படும் லென்ஸில் பூஞ்சை வருவது குறைவு. "இருக்கட்டும், பின்னால் உதவும்" என்று ஒதுக்கிவைப்பதுதான் நம் ஊரில் ஆக நஷ்டமான முடிவு என்று நான் சொல்வது இதனால்தான்.

எதை வைத்துக்கொள்ளலாம்? ஊசுட்டேரிக்குப் பறவைகளைப் படமெடுக்கப் போகிறவரின் நிக்கான் 200-500 மி.மீ. லென்ஸை விற்கச் சொல்லமாட்டேன்; எஃப்டிஇசட்டில் அது ஒழுங்காக இயங்குகிறது, அதற்கு ஈடான புதிய லென்ஸுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை வேறிடத்தில் போடலாம். நகைகளை எடுக்கும் மேக்ரோ லென்ஸும் அப்படியே. தினமும் பாடியிலேயே மாட்டியிருக்கும் 24-70 மி.மீ. போன்ற லென்ஸை மட்டும் புதிய மவுண்டிலேயே வாங்குவது நல்லது. அடாப்டர் சேர்ந்தால் எடை முன்னால் இழுத்து, கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பலில் சமநிலை கிடைப்பது சிரமமாகிறது. பழைய மோட்டாரின் சத்தமும் மைக்கில் விழக்கூடும். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ கடலோரம் நின்று எடுக்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: மலிவான அடாப்டர்கள் பலவற்றில் தூசியையும் நீரையும் தடுக்கும் ரப்பர் வளையம் இருப்பதில்லை, மணலும் உப்புத் துளியும் நேராக மின் இணைப்புப் பகுதிக்குள் போகும்.

வைத்துக்கொள்வதென்று முடிவானவற்றை ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைக்கும் டிரை கேபினட்டில் வையுங்கள். வாங்க இயலாதவர்களுக்குக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டர் போதும். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போட வேண்டும்.

விற்பதென்று முடிவானவற்றை பழைய பாடி கையில் இருக்கும்போதே விற்றுவிடுங்கள். கேனான் இஎஃப் லென்ஸின் அப்பர்ச்சர் மின்சாரத்தில்தான் அசையும் என்பதால், கையில் அடாப்டரும் இல்லாமல் பாடியை முதலில் விற்றுவிட்டால் அப்பர்ச்சரும் ஃபோகஸும் சரியாக இருக்கின்றன என்று வாங்க வருபவருக்குக் காட்ட வழியிருக்காது. அவர் சொல்லும் விலைக்குத்தான் கொடுக்க வேண்டிவரும்.