மாரத்தான் முடிந்த இரவில் அந்த மெஷினைக் கட்டும் முன்

ஜனவரியில் சென்னையில் மாரத்தான் முடிந்த வாரம், எங்கள் பிசியோதெரபி கிளினிக் மாடிப்படியில் தினமும் ஒரே காட்சிதான். கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்குவார்கள்.

சில வருஷங்களுக்கு முன் அப்படி வந்தவர் ஒருவருக்கு அதுதான் முதல் முழு மாரத்தான், 42.195 கிலோமீட்டர். ஓடி முடித்த அன்று இரவே, ஆன்லைனில் வாங்கிய இ.எம்.எஸ். மெஷினை, அதாவது தோலில் ஒட்டும் பேட் வழியாக மின்துடிப்பு அனுப்பிச் சதையைச் சுருங்கவைக்கும் கருவியை, இரண்டு தொடையிலும் கட்டி ஒரு மணி நேரம் ஓடவிட்டிருக்கிறார். "வலி தாங்குற வரைக்கும் ஏத்தி வெச்சேன் மேடம். நல்லா இறுக்கிப் பிடிச்சா சீக்கிரம் சரியாயிடும்னு நெனச்சேன்." மெஷினை வாங்கிப் பார்த்தேன். ஸ்ட்ரெங்த் மோடில் இருந்தது.

இந்த மோடு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. ரெகவரி மோடில் மின்துடிப்பு மெதுவாக வரும், பெரும்பாலும் 1 முதல் 10 ஹெர்ட்ஸுக்குள், அதாவது நொடிக்கு 1 முதல் 10 துடிப்பு. சதை லேசாகத் துள்ளும், தளரும், மறுபடி துள்ளும். கெண்டைக்கால் சதை அப்படித் துள்ளும்போது உள்ளே இருக்கும் சிரைகளை அமுக்கி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. மெதுவாக நடந்தாலும் இதேதான் நடக்கும். ஸ்ட்ரெங்த் மோடில் 50 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும் போகும். இரண்டு துடிப்புக்கு நடுவே சதை தளர நேரமே கிடைக்காது, கல்லாக இறுகி நிற்கும். நாமாகக் காலை அசைத்தால் நரம்பு மண்டலம் தசை நார்களை மாற்றி மாற்றி வேலை வாங்கும். மெஷினோ பேடுக்குக் கீழே இருக்கும் அதே நார்களைத் திரும்பத் திரும்ப இழுக்கும். நாலைந்து மணி நேரம் ஓடிக் களைத்த தொடைக்கு அது இன்னொரு கடும் பயிற்சி.

'லாக்டிக் அமிலத்தை வெளியேற்றும்' என்று பெட்டியில் அச்சிட்டு விற்கிறார்கள். கடுமையாக ஓடும்போது உடம்பில் சேரும் அந்த அமிலம், சும்மா உட்கார்ந்திருந்தாலே ஒரு மணி நேரம் போல ஆனதும் தானாக இறங்கிவிடும். மறுநாளும் அதற்கு மறுநாளும் படியில் உயிரை எடுக்கும் வலி, தசை நார்களில் ஏற்பட்ட நுண்ணிய சேதத்தாலும் அதையொட்டிய அழற்சியாலும் வருவது. 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு குறையும். மெஷின் போட்டால் வலி கொஞ்சம் குறைந்த மாதிரி சிலருக்கு இருக்கிறது. ஆனால் காலின் பலம் சீக்கிரம் திரும்புகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. நல்ல தூக்கம், வயிறாரச் சோறு, மாலையில் இருபது நிமிஷ மெதுநடை, இவற்றுக்குப் பிறகுதான் நான் மெஷினைச் சொல்வேன்.

போட்டே ஆகவேண்டும் என்றால், ரெகவரி மோடில் 15, 20 நிமிஷம் போதும். சதை துள்ளுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது. முதலில் காலைக் கழுவித் துடையுங்கள். வியர்வை உப்பு பூத்த தோலில் பேட் சரியாக ஒட்டாது. ஓரம் தூக்கிக்கொண்டால், ஒட்டியிருக்கும் சின்ன இடத்திலேயே மின்சாரம் குவிந்து சுருக்கென்று குத்தும், தோல் சிவந்துபோகும்.

அந்த நண்பரிடம் அன்று நான் கேட்ட அடுத்த கேள்வி, "யூரின் என்ன கலர்ல போகுது?" கொஞ்சம் தயங்கி, "டிக்காஷன் மாதிரி," என்றார். பிசியோதெரபியை அங்கேயே நிறுத்தி நேராக மருத்துவமனைக்கு அனுப்பினேன். சிதைந்த தசையிலிருந்து கசியும் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது, ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். மூன்று நாள் சலைன் ஏறியது, பிழைத்துக்கொண்டார். பழி முழுவதையும் மெஷின் மேல் போட முடியாது. வெயிலில் ஓடியிருக்கிறார், வலி மாத்திரையும் போட்டிருக்கிறார். ஆனால் உடம்பு முழுக்க மாட்டும் இ.எம்.எஸ். உடையில் பயிற்சி செய்தவர்களுக்கு, ஓடாமலேயே இந்த நிலை வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, அமுக்கினால் வலித்தால் அதில் பேட் ஒட்டவே ஒட்டாதீர்கள். ஓட்டம் முடிந்து இரவெல்லாம் பஸ்ஸில் மடக்கிய காலோடு ஊர் திரும்பியவர்களுக்குச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றும் அடிக்கடி பார்க்கிறேன். மகன் வாங்கிய மெஷின் சும்மா கிடக்கிறதே என்று, முழங்கால் வலிக்கும் அப்பாவுக்குக் கட்டிவிடுகிறார்கள். அவர் நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால், இந்த மின்துடிப்பு அதைக் குழப்பக்கூடும். அவருடைய இதய டாக்டரைக் கேட்காமல் அந்த ஸ்விட்சைப் போடாதீர்கள்.