குற்ற உணர்ச்சி வேலை வாங்கித் தராது

"இவனுக்கு உறைக்கிற மாதிரி நாலு வார்த்தை சொல்லுங்க டாக்டர்." அல்சூரிலிருந்து வந்த ஒரு அப்பா, மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டார். மகனுக்கு ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை போய் ஏழு மாதம். ஆரம்பத்தில் ராத்திரி பகலாக விண்ணப்பித்தவருக்கு இப்போது லேப்டாப்பைத் திறக்கவே கை வருவதில்லை. இதே வார்த்தையைச் சொல்லும் பெற்றோர் பெங்களூரில் இன்னும் எத்தனை பேரோ! இனிமேலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உறைக்கவில்லை என்று யார் சொன்னது? உறைத்து உறைத்துத்தான் அந்தப் பையன் படுக்கையில் கிடக்கிறான். அம்மா காபி கொண்டுவந்தால் குடிக்கக் கூசுகிறான். உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போவதில்லை. 'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்று கேட்டு வளர்ந்தவனுக்கு நீங்கள் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? திட்டினால் ரோஷம் வந்து எழுந்து ஓடுவான் என்பது பொய். திட்டு விழுந்த மறுநாள் அவன் விண்ணப்பிப்பதில்லை, கதவைச் சாத்திக்கொள்கிறான். குற்ற உணர்ச்சி மனிதனை ஒளியத்தான் வைக்கும். நேர்காணலில் நிமிர்ந்து பேச வேண்டியவனை வீட்டிலேயே குனிய வைத்துவிட்டு, ஏன் தேறவில்லை என்று கேட்கிறோம்.

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்ற ஊரில், 1930 வாக்கில் பஞ்சாலை மூடி ஊரே வேலையிழந்தது. சமூக உளவியலாளர் மரி யஹோதாவும் சக ஆய்வாளர்களும் அங்கே ஆராய்ந்து பார்த்ததை 1933இல் வெளியிட்டார்கள். நூலகத்தில் கட்டணத்தை எடுத்துவிட்டும், புத்தகம் வாங்கிப்போவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. கையில் நாள் முழுக்க நேரம், படிக்க மனமில்லை. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம்கூடக் குறைந்துபோயிருந்தது. ஊர் முழுக்கச் சோம்பேறிகளா? சம்பளத்தோடு சேர்ந்து நாளின் ஒழுங்கும், பார்க்கிற முகங்களும், 'நான் இன்னார்' என்ற பிடிப்பும் போய்விடுகின்றன.

வேலை போனதை என்னிடம் யாரும் முதலில் சொல்வதில்லை. தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றுதான் ஆரம்பிப்பார்கள். (அசதி என்று வந்தால் தைராய்டும் ரத்தசோகையும் பார்த்துவிடுவது என் வழக்கம்.) சிலர் வீட்டுக்கே சொல்லாமல், காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி கப்பன் பார்க்கில் உட்கார்ந்துவிட்டு சாயங்காலம் திரும்புகிறார்கள். லோன் ஆப்பில் கடன் வாங்கி, சம்பளம் என்று வீட்டில் கொடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இன்றைக்கே மனைவியிடம் சொல்லுங்கள். வாடகை, இஎம்ஐ, பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி இருவரும் சேர்ந்து பாருங்கள்.

ஆர்வம் வந்தபின் ஆரம்பிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். சின்னதாக எதையாவது செய்தபின்தான் ஆர்வம் வரும். தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்து, குளித்து, வெளியே கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள். வேலை தேட இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள், பிறகு மூடிவையுங்கள். மீதி நேரத்தில் சிரித்தாலோ கிரிக்கெட் பார்த்தாலோ அது குற்றமில்லை. பழைய சக ஊழியர் ஒருவரையாவது வாரத்தில் ஒருமுறை கூப்பிடுங்கள். தூக்கத்துக்காகக் குடிக்கவே குடிக்காதீர்கள், தூக்கம் இன்னும் கெடும்.

வீட்டில் இருப்பவர்களே, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் "ஏதாச்சும் பதில் வந்துச்சா?" என்று கேட்பதை நிறுத்துங்கள். வந்தால் அவரே சொல்வார். வேலை இழந்த மருமகளிடம், சும்மாதானே இருக்கிறாள் என்று மொத்த வீட்டையும் ஒப்படைக்காதீர்கள். அவளுக்கும் வேலை தேட நேரமும் கதவு சாத்திய அறையும் வேண்டும்.

மனச்சோர்வு இரண்டு வாரம் தாண்டியும் விடவில்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன என்றால் மருத்துவரைப் பாருங்கள். 'நான் இல்லாவிட்டால் இவர்களுக்குப் பாரம் குறையும்' என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் தனியாக இருக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி, டெலி மானஸ், எண் 14416. கட்டணமில்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். பெங்களூர் ஓசூர் ரோட்டில் உள்ள மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸின் அவசரப் பிரிவு ராத்திரியும் திறந்திருக்கும். விடியட்டும் என்று தள்ளிப்போடாமல் கூட்டிக்கொண்டு போங்கள்.